சின்னத்திரைக்கென்றே பிறந்த படங்கள்

கொட்டகைக்காக எடுக்கப்பட்டுப் பின்னாளில் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்த படங்கள் ஒரு வகை. தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்டு, ஓர் இரவு வீடுவீடாக வந்து முகங்காட்டிவிட்டு, பின்னர் எங்கே போயின என்றே தெரியாமல் மறைந்துபோன படங்கள் மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைப் படங்களின்மீது நமக்கு நெடுநாளாக ஒரு தீராத பற்று உண்டு. இவற்றை ஒளிநாடாவிலும் வட்டிலும் தேடித் தேடிச் சேர்த்த கதையைக் கேட்டால், வேலையற்றவர் வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். பழைய நாணயங்களைச் சேர்ப்பவரை யாரும் நகைப்பதில்லை.

நூல் ஒன்று தவறிப்போனால் நூலகத்தில் கிடைக்கும். கொட்டகைப் படம் தவறிப்போனால் பக்கத்து ஊர் டூரிங் கொட்டகைக்கு ஆறு மாதம் கழித்தாவது வரும். தொலைக்காட்சிக்கென எடுத்த படமோ அப்படியன்று. அன்றிரவு பார்த்தவர் பார்த்தார், பாராதவர் பாராதவரே. விருந்தினர் வந்தாலும் போயிற்று, மின்சாரம் நின்றாலும் போயிற்று. மறுநாள் காலை தேநீர்க் கடையில் யாராவது கதை சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அந்நாளில் அவ்வளவுதான்.

இக்கலையை ஒரு தொழிலாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கொட்டகைப் படங்களைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் விலைகொடுத்து வாங்கி ஒளிபரப்பிக்கொண்டிருந்த காலத்தில், நாமே எடுத்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1964 அக்டோபர் 7ஆம் நாள் என்.பி.சி. ஒளிபரப்பிய ‘ஸீ ஹௌ தே ரன்’ என்னும் படத்தையே இவ்வகையில் முதலாவது என்பர். 1969இல் ஏ.பி.சி. நிறுவனம் வாரம் ஒரு புதிய படம் என்று தொடங்கிவிட்டது. வாரம் ஒரு படம் என்றால் பணமும் குறைவு, நாளும் குறைவு. இரண்டு வாரத்திற்குள் எடுத்து முடித்தாக வேண்டும். பெரும்பாலானவை குப்பை என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அந்த அவசரத்திலும் சில மாணிக்கங்கள் பிறந்தன.

அவற்றுள் ஒன்று, 1971 நவம்பர் 13ஆம் நாள் ஒளிபரப்பான ‘டூயல்’. அதை எடுத்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அப்போது இருபத்தைந்து வயதையும் எட்டாத இளைஞர். கதை என்று சொல்ல ஒன்றுமில்லை. பாலைவனச் சாலையில் ஒருவர் காரில் போகிறார். அழுக்கேறிய பழைய டாங்கர் லாரி ஒன்று அவரைத் துரத்துகிறது. ஏன் துரத்துகிறது என்பது கடைசிவரை தெரியாது. லாரி ஓட்டுபவன் கையும் காலணியும் தெரியுமே தவிர முகம் தெரியாது. தொலைக்காட்சியில் 74 நிமிடம் ஓடிய இப்படத்தை, பிற நாடுகளின் கொட்டகைகளுக்காகப் பள்ளிப் பேருந்துக் காட்சி, இரயில்பாதைக் காட்சி முதலியவற்றைச் சேர்த்து 90 நிமிடமாக நீட்டினார்கள். ஒளிநாடாவிலும் வட்டிலும் பரவலாகக் கிடைப்பது இந்த நீட்டிய வடிவமே. நீட்டாதிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்பது நம் கருத்து.

நாம் அதனைக் கண்டது சபராளி ஒருவரின் பெட்டியிலிருந்து வந்த கேசட்டில். எண்பதுகளில் நம் கடலோர ஊர்களில் சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒருவர் சபர் முடிந்து வருகிறார் என்றால், கோடாலித் தைலமும் சென்ட் பாட்டிலும் டேப்ரிக்கார்டரும் வருவதுபோல ‘டெக்’கும் வரும். ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். முறையை வெளியிட்ட பத்தாண்டுக்குள் அது நம் தெருக்களின் மச்சு வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கூடவே நான்கைந்து கேசட்டுகளும் வரும். உறையில் ஒன்றிருக்கும், உள்ளே வேறொன்றிருக்கும். கலியாண வீட்டுப் பதிவு என்று போட்டால் பாலைவனத்தில் லாரி துரத்தும். அப்படித்தான் ‘டூயல்’ நமக்குக் கிடைத்தது. மொழி தெரியாத பெண்டிரும் குழந்தைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அந்தப் படத்திற்கு மொழி தேவையில்லை.

தேவைப்பட்ட படம் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்லவே இவ்வளவும் சொன்னோம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கப்பட்டதென்றாலும், அதன் ஒளி நம் பகுதிக்கு எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையில் தொடங்கிய ரூபவாஹினிதான் கடல் தாண்டி முதலில் எட்டியது. அதற்காக இரும்புக் குழாயைத் தென்னை உயரத்திற்கு நிறுத்தி, அதன் உச்சியில் ஏரியலைக் கட்டி, காற்றடிக்கும்போதெல்லாம் ஒருவர் மாடியேறித் திருப்ப, ‘வந்திரிச்சா?’ ‘இல்லே, போயிரிச்சு’ என்று மேலும் கீழும் குரல்கொடுத்த நாட்கள் அவை. பின்னர் சிறு ஒலி-ஒளிபரப்பு நிலையங்கள் ஊருக்கு ஊர் வந்தன. தில்லியின் தேசிய ஒளிபரப்பு வந்தது. அதனுடன் இந்தியும் வந்தது.

தூர்தர்ஷனைப் பற்றி இன்று பலர் எளிதாகப் பரிகசிக்கிறார்கள். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை மட்டுமே அவர்கள் நினைவில் நிற்கிறது போலும். ஆனால் அந்த அரசு நிறுவனம்தான் சத்யஜித் ராயிடம் சென்று, எங்களுக்கென ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டது. அவர் 1981இல் பிரேம்சந்தின் கதையொன்றை எடுத்து ‘சத்கதி’ என்று தந்தார். ஒரு மணி நேரம்கூட ஓடாத படம். மகளின் திருமண நிச்சயத்திற்கு நாள் குறித்துத் தரக் கேட்டு அந்தணர் வீட்டிற்குப் போகிறான் துக்கி என்னும் தோல் தொழிலாளி. காய்ச்சலில் கிடந்து எழுந்தவன். வேலை வாங்காமல் நாள் குறித்துத் தருவாரா அவர்? பெரிய மரக்கட்டை ஒன்றைப் பிளக்கச் சொல்கிறார். பசியோடு கோடரியைத் தூக்கி வெட்டுகிறான், கட்டை பிளக்கவில்லை, அவன் விழுந்து இறக்கிறான். உடலைத் தொட முடியாத அந்தணர் காலில் கயிற்றைச் சுருக்கிட்டு இழுத்துக்கொண்டு போகிறார். ஓம் புரியும் ஸ்மிதா பாட்டிலும் நடித்த அப்படத்தில் பாட்டில்லை, நகைச்சுவையில்லை. கொட்டகையில் இரண்டு நாள் ஓடியிருக்காது. வீட்டுக் கூடத்தில், இரவுச் சாப்பாடு முடிந்து பாயில் சாய்ந்திருந்தவர்களை அது நிமிர்ந்து உட்கார வைத்தது.

அடுத்து வந்ததே 1988 ஜனவரியில் தொடங்கி வாரந்தோறும் ஒளிபரப்பான ‘தமஸ்’. இருள் என்பது அச்சொல்லின் பொருள். பீஷ்ம சாஹ்னி எழுதி 1975இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற புதினத்தை, கோவிந்த் நிஹலானி ஏறத்தாழ ஐந்து மணி நேரப் படமாக எடுத்திருந்தார். சாஹ்னி ராவல்பிண்டியில் பிறந்து 1947இன் கலவரத்தைக் கண்ணால் கண்டவர். நிஹலானி கராச்சியில் பிறந்து பிரிவினையால் பெயர்ந்து வந்த குடும்பத்தவர். ஆக, இருவருமே தாம் இழந்த மண்ணைப் பற்றியே பேசினார்கள்.

முதல் வாரமே நம் வீட்டில் பெட்டி அணைக்கப்படவிருந்தது. ஏனெனில் படம் தொடங்குவதே நத்து என்னும் தோல் தொழிலாளி ஒரு பன்றியைக் கொல்லப் படும் பாட்டில்தான். ‘தொழுகிற வீட்டிலே இது என்ன காட்சி’ என்று வாப்பா எழுந்துவிட்டார்கள். மச்சான்தான் தடுத்தார். மச்சான் தம்மாமில் எட்டாண்டு பணியாற்றியவர். லாகூர்க்காரர்களும் பம்பாய்க்காரர்களும் நிறைந்த அறையில் தங்கி உருதுவும் இந்தியும் கற்றவர். அப்போது விடுமுறையில் வந்திருந்தார். ‘மாமா, கொஞ்சம் பொறுங்க. இந்தப் பன்றியைக் கொண்டுபோய்ப் பள்ளிவாசல் படியிலே போடப் போறாங்க. அதனாலேதான் சண்டையே வரப்போகுது. யார் போடச் சொன்னாங்கறதுதான் கதை’ என்றார். வாப்பா உட்கார்ந்தார்கள். அன்றுமுதல் மச்சான் பெட்டிக்குப் பக்கத்திலே நாற்காலி போட்டு, வரிக்கு வரி தமிழில் சொல்லி வரலானார். கூடத்தில் நம் வீட்டார் மட்டுமல்லர், தெருவார் பாதிப்பேர் இருந்தார்கள்.

இதற்கிடையே நாளிதழ்களில் வேறொரு செய்தி. இப்படம் மதப் பகையைத் தூண்டும், இதைத் தடுக்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. இடைக்காலத் தடையும் விதிக்கப்பட்டது. பின்னர் நீதியரசர்கள் பக்தாவர் லெண்டினும் சுஜாதா மனோகரும் முழுப்படத்தையும் தாமே அமர்ந்து பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1988 பிப்ரவரி 16ஆம் நாள் நீதியரசர்கள் சப்யசாசி முகர்ஜியும் ரங்கநாதனும் அங்கேயும் மனுவைத் தள்ளினார்கள். படிப்பறிவில்லாத கோடிக்கணக்கான மக்கள் இதைப் பார்த்து வெறிகொள்வார்கள் என்பதே எதிர்த்தவர்களின் அச்சம். எழுத்தறிவில்லாதவர்கள் என்பதால் அறிவே இல்லாதவர்கள் என்று கொள்ளலாகாது, தீயவர் சூழ்ச்சியை எடுத்துக்காட்டினால் அவர்களுக்கும் விளங்கும் என்பது நீதிமன்றத்தின் பதில்.

இச்செய்தியை வாப்பா வாசித்துச் சொன்னபோது நம் பார்வை உம்மும்மாவின்மேல் சென்றது. உம்மும்மாவிற்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. குர்ஆன் ஓதுவார்கள், அரபுத்தமிழில் எழுதிய மாலைகளைப் படிப்பார்கள், கையெழுத்தென்றால் பெருவிரல்தான். அரசாங்கக் கணக்கில் படிப்பறிவற்றவர். கலவரம் மூண்டுவிடும் என்று மனுதாரர் அஞ்சியது நம் உம்மும்மாவைப் போன்றவர்களை நினைத்துத்தான். அவர்களோ ஒவ்வொரு வாரமும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து, ‘பாவிகளா, அந்தக் கர்மோவுக்கு மாசமாச்சே, ஓடச் சொல்லுதீங்களே’ என்று பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். கர்மோ நத்துவின் மனைவி, நிறைசூலி. தீபா சாஹி அவ்வேடம் ஏற்றிருந்தார்.

அப்படத்தில் ஹர்னாம் சிங் என்றொரு முதியவர் வருவார். முஸ்லிம்கள் வாழும் சிற்றூரில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஒரே சீக்கியக் குடும்பம் அவருடையது. அவ்வேடத்தில் நடித்தவர் கதையை எழுதிய பீஷ்ம சாஹ்னியேதாம். கலவரக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், அவரும் அவர் மனைவி பந்தோவும் கடையை விட்டு இரவெல்லாம் நடந்து, வேற்றூரில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அது முஸ்லிம் வீடு. கலவரத்திற்குப் போனவர்களின் வீடு. வீட்டுக்காரி ரஜ்ஜோ, ஆண்கள் இல்லாத வேளையில், உள்ளே விடுவதா வேண்டாமா என்று நின்று தயங்குகிறாள். மருமகள் வேண்டாம் என்கிறாள். ரஜ்ஜோவாக நடித்த சுரேகா சிக்ரிக்கு அவ்வாண்டின் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அந்தத் தயக்கத்திற்கே கொடுக்கலாம். சுடுசொல்லும் சொல்கிறாள், மோரும் கொடுக்கிறாள்.

அவர்களை உள்ளே விட்டாள். அந்த இடத்தில் மின்சாரம் நின்றது.

இருள் என்று பெயர் வைத்த படம் இருளில் முடிந்தது என்று அந்நேரத்தில் ஒருவர் சொல்லக் கூடம் சிரித்தது. உம்மும்மா சிரிக்கவில்லை. ஃபஜ்ருக்குச் சற்று முன்புதான் விளக்கு வந்தது. மறுவாரம் மச்சானின் விடுமுறை முடிந்து அவர் தம்மாமுக்குப் பயணமாகிவிட்டார். மொழி சொல்ல ஆளின்றி எஞ்சிய பகுதிகளைப் பார்த்தோம். கிழவரும் கிழவியும் உயிரோடு வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் என்ன நடந்தது? ‘அவளா அனுப்பி வெச்சா, இல்லே இதுக ரெண்டும் ஓடித் தப்பிச்சுதா வாப்பா?’ என்று உம்மும்மா நம்மைக் கேட்டார்கள். நமக்கு விடை தெரியவில்லை. ‘தப்பிச்சிட்டாங்கள்லே உம்மும்மா, அது போதாதா?’ என்றோம். ‘அதெப்படிப் போதும்? வாசலுக்கு வந்தவங்க அமானிதமில்லையா? அந்தப் புள்ள அமானிதத்தைக் காப்பாத்தினாளா இல்லையா?’ என்றார்கள்.

புதினத்தைத் தேடினோம், நம்மூரில் கிட்டவில்லை. வீடியோ நூலகத்திற்குப் போனோம். ‘தமஸ் இருக்கிறதா’ என்று கேட்டதற்குக் கடைக்காரத் தம்பி, ‘தமாஷா காக்கா? நெறைய இருக்கே’ என்று சொல்லி நாகேஷ் நடித்த கேசட்டுகள் மூன்றை எடுத்து வைத்தான். பெரிய நகரத்து நூலகம் ஒன்றில் இருப்பதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு கேசட் வந்தது. ஐந்து மணி நேரப் படத்திற்கு மூன்று மணி நேரக் கேசட் இரண்டு வேண்டும். வந்ததோ முதலாவது மட்டும். பன்றியிலிருந்து தொடங்கி நகரம் பற்றியெரிவதோடு நின்றுவிட்டது. மச்சான் பம்பாய் நண்பர் ஒருவருக்கு எழுதினார். அவர் அனுப்பியதும் அதே முதற்பாதி. இரண்டாம் பாதி எங்கேதான் போயிற்றோ! உம்மும்மா 1994இல் மௌத்தானார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகூட, பம்பாய்க் கலவரச் செய்திகள் வந்த நாட்களில், அந்த ரஜ்ஜோவைப் பற்றி மறுபடி கேட்டார்கள்.

இப்படித் தேடத் தொடங்கியதில்தான் பிற படங்களின் கதையும் தெரியவந்தது. பிரதீப் கிருஷென் இயக்க, அருந்ததி ராய் திரைக்கதை எழுதி, தில்லிக் கட்டடக்கலை மாணவர்களைப் பற்றி 1989இல் தூர்தர்ஷனுக்காக எடுக்கப்பட்ட ஆங்கிலப் படம் ஒன்றுண்டு. ‘இன் விச் ஆனி கிவ்ஸ் இட் தோஸ் ஒன்ஸ்’ என்பது அதன் விந்தையான பெயர். இரண்டு தேசிய விருதுகளைப் பெற்ற அப்படம் நள்ளிரவை ஒட்டிய வேளையில் ஒளிபரப்பாகி மறைந்தது. பல்லாண்டுகள் அது உயிர்வாழ்ந்தது, யாரோ வீட்டில் பதிவுசெய்த நாடாவிலிருந்து படியெடுத்து, அதிலிருந்து மற்றொரு படியெடுத்து, முகங்கள் மங்கிப்போன கேசட்டுகளில்தான். மேல்நாட்டிலும் இதே கதைதான். ‘பன்னிரண்டு சினமுற்ற மனிதர்கள்’ என்று பொருள்படும் புகழ்பெற்ற அமெரிக்கப் படம், முதன்முதலில் 1954 செப்டம்பர் 20ஆம் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் நேரடி நாடகமாக நடிக்கப்பட்டது. அதன் முழுப்பிரதி 2003இல்தான் கண்டெடுக்கப்பட்டது. பாசு சாட்டர்ஜி 1986இல் அதை இந்தியில் ‘ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா’ என்று எடுத்தார். சான்றாயர் முறையே வழக்கொழிந்துபோன நாட்டில் சான்றாயர் பன்னிருவர் அமர்ந்து வாதிடும் படம்! ஆயினும் ஒரே அறைக்குள் அமர்ந்து பேசியே நம்மைக் கட்டிப்போடுகிறார்கள். சின்னத்திரைக்கு வேண்டியது அந்த அறையும் அந்த முகங்களும்தான்.

நாடா என்பது நம்பத்தகுந்த பொருளன்று என்பதையும் அனுபவத்தில் கண்டோம். கடற்காற்று பட்டால் பூஞ்சை பிடிக்கும். சுருளின் ஓரத்தில் வெண்மையாகப் படரும். டெக்கில் போட்டால் தலைப்பகுதி கெடும். படம் நடுங்கும், பின் கோடுகோடாகக் கிழியும். டெக்கைப் பழுதுபார்ப்பவர்களும் அருகிப்போயினர். கடைசிவரை டெக் உற்பத்திசெய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. நம் அலமாரியில் இருக்கும் அறுபது கேசட்டுகளில் இருபதாவது தேறுமா என்பது ஐயம்.

‘தமஸ்’ வட்டில் கிடைக்கிறது என்று 2010இல் தமக்கை மகன் ஒருவன் தொலைபேசியில் சொன்னான். அவன் பெங்களூரில் வேலையிலிருந்தான். பெருநாளைக்கு ஊர் வருகையில் வாங்கி வந்தான். முழுப்படமும், அடியில் ஆங்கில வரிகளுடன். (மூன்றாண்டு கழித்து அதைச் செப்பனிட்டு மீண்டும் ஒளிபரப்பவும் செய்தார்கள்.) மச்சான் அப்போது சபரெல்லாம் முடித்து ஊரோடு வந்துவிட்டிருந்தார். பெருநாள் மறுநாள் இஷாவுக்குப் பின் அமர்ந்தோம். கூடம் அதே கூடம்தான். தெருவார் யாரும் வரவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் பெட்டி.

ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டே வந்தபோது நமக்கு ஒன்று விளங்கிற்று. 1988இல் மச்சான் சொன்ன தமிழில் பல வரிகள் விடுபட்டிருந்தன. கலவரக் கூட்டங்கள் ஒன்றையொன்று ஏசும் ஏச்சுகள், பெண்களைப் பற்றிய பேச்சுகள் எவற்றையும் அவர் சொல்லவே இல்லை. ‘கோபமாப் பேசுறான்’ என்றுமட்டும் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபோது, ‘உம்மும்மா முன்னாலே அதையெல்லாம் எப்படிச் சொல்றது? தணிக்கைக் குழு வெட்டாததை நான் வெட்டினேன்’ என்றார். இன்னோரிடத்தில், அமைதிக் கூட்டத்தில் பேசும் ஒருவருக்கு, படத்தில் இல்லாத இரண்டு நல்ல வாக்கியங்களையும் அவரே சேர்த்துச் சொல்லியிருந்தார் என்பதும் வெளிப்பட்டது.

பிறகு அந்த வீடு வந்தது. ரஜ்ஜோ கதவருகே நிற்கிறாள். நம்மையறியாமல் கூரை விளக்கை ஒருமுறை பார்த்துக்கொண்டோம். உள்ளே விடுகிறாள். பரணில் ஏற்றி ஒளித்துவைக்கிறாள். வீட்டு ஆண்கள் கொள்ளையடித்த பெட்டியோடு திரும்புகிறார்கள். அந்தப் பெட்டி ஹர்னாம் சிங்கினுடையது. வீட்டுக்காரருக்கு அவரைத் தெரியும். கண்ணுக்குக் கண் பார்க்க முடியாமல் நிற்கிறார். மகன் வெறியோடு பாய வருகிறான், கை எழவில்லை. அன்றிரவே ரஜ்ஜோ அவ்விருவரையும் வெளியே அழைத்து, ஊரெல்லை வரை தானே நடந்து வந்து அனுப்பி வைக்கிறாள்.

மச்சான் நம் பக்கம் திரும்பவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தவர், பழைய பழக்கத்தில், ஆங்கில வரிகள் அடியில் ஓடிக்கொண்டிருக்க, ‘நீங்க போங்க, இதுக்கு மேலே நான் வர முடியாதுங்கறா’ என்று உரக்கத் தமிழில் சொன்னார். கூடத்தில் அதைக் கேட்க நாமும் தமக்கை மகனும்தான் இருந்தோம்.

படம் முடிய ஒரு மணி நேரத்திற்குமேல் இருந்தது. கணவனை இழந்த கர்மோ அகதி முகாமின் மருத்துவமனையில் பிள்ளை பெறுகிறாள்; வெளியே இரு தரப்பு முழக்கங்களும் கேட்க, உள்ளே குழந்தை அழுகிறது. அதுவரை பார்க்கும்போது இரவு இரண்டு மணியாகியிருந்தது. தமக்கை மகன் உறங்கிவிட்டான். மச்சான் மட்டும், ‘அந்த வீட்டுக் காட்சியை இன்னொரு தடவை போடுங்க’ என்றார்.